வளைபந்தை முதலில் வீசியவர் யார்? கேண்டி கம்மிங்ஸின் ஆட்டவாழ்வும் ஒன்றரை நூற்றாண்டு விவாதமும்

பேஸ்பாலில் பந்து தரையில் படாமல் மட்டையாளரை வந்தடைய வேண்டும். கிரிக்கெட்டில் சுழல்பந்து வீசுபவருக்கு ஆடுகளம் செய்யும் உதவி பேஸ்பாலின் பிட்சருக்குக் கிடையாது. அவருடைய வித்தை முழுவதும் காற்றிலேயே நிகழ்ந்து முடிய வேண்டும். நேராக வருவதுபோல் தோன்றிக் கடைசி நொடியில் விலகும் ‘கர்வ்பால்’ என்னும் வளைபந்து, அந்த ஆட்டத்தின் தன்மையையே மாற்றிய கண்டுபிடிப்பு என்று போற்றப்படுவது இதனால்தான். கண்டுபிடிப்பு என்றால் கண்டுபிடித்தவர் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? அவர் யார் என்னும் கேள்விக்கு 1870கள் தொடங்கி விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

அமெரிக்கப் பேஸ்பால் புகழரங்கம் தந்திருக்கும் விடை வில்லியம் ஆர்தர் கம்மிங்ஸ். ‘கேண்டி’ கம்மிங்ஸ் என்ற பெயரால் அறியப்பட்ட இவர், தொழில்முறைப் பேஸ்பாலின் முதல் தலைமுறைப் பிட்சர்களுள் ஒருவர். அவருக்கு எதிராகவும், அவரோடு சேர்த்தும் வேறு பல பெயர்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. பந்து வளைவதே இல்லை, அது கண்ணின் மயக்கம் என்று வாதிட்டவர்களும் உண்டு. இக்கட்டுரை இந்த நிலைப்பாடுகளையும், அவை தோன்றிய சூழலையும், அவற்றின் வலுவையும் பலவீனத்தையும் தொகுத்துப் பார்க்கிறது. யார் முதல்வர் என்னும் கேள்வி உண்மையில் பல கேள்விகளின் கலவை என்பதும், அவற்றைப் பிரித்தால்தான் கம்மிங்ஸின் பங்கை நியாயமாக அளக்க முடியும் என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

ஆவணங்கள் காட்டும் ஆட்டவாழ்வு

கம்மிங்ஸ் 1848 அக்டோபர் 18 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேர் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் நியூயார்க்கை ஒட்டிய புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் பேஸ்பால் மிகச் செழித்திருந்த இடங்களுள் புரூக்ளின் ஒன்று. 1866, 1867 ஆண்டுகளில் எக்செல்சியர் கழகத்துக்கும், 1868 முதல் ஸ்டார் கழகத்துக்கும் அவர் பந்து வீசினார். ஐந்தடி ஒன்பது அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் கொண்ட மெலிந்த உடல்வாகு அவருடையது. வலுவை மட்டும் நம்பி அவரால் வென்றிருக்க முடியாது என்பதை அவரை ஆதரிப்பவர்கள் எல்லாரும் சுட்டிக்காட்டுகின்றனர்.

முதல் தொழில்முறை அமைப்பான நேஷனல் அசோசியேஷன் 1871 முதல் 1875 வரை இயங்கியது. அதன் கடைசி நான்கு பருவங்களில் கம்மிங்ஸ் நான்கு வெவ்வேறு அணிகளுக்கு ஆடினார். 1872இல் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணிக்காக 497 இன்னிங்ஸ் வீசி 33 ஆட்டங்களை வென்று 20ஐத் தோற்றார். 1873இல் பால்டிமோர் அணியில் 28 வெற்றி, 14 தோல்வி. 1874இல் பிலடெல்ஃபியாவில் 28 வெற்றி, 26 தோல்வி. 1875இல் ஹார்ட்ஃபோர்டு அணியில் 35 வெற்றி, 12 தோல்வி என்ற உச்சத்தைத் தொட்டார்.

1876இல் நேஷனல் லீக் தொடங்கியபோது ஹார்ட்ஃபோர்டிலேயே நீடித்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சின்சினாட்டி அணிக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு முழு ஆட்டங்களையும் தாமே வீசி, 14–4, 8–4 என்று வென்றார். ஆயினும் அந்தப் பருவத்தில் அணியின் முதன்மைப் பிட்சராக இருந்தவர் இளைஞர் டாமி பாண்ட். பாண்ட் 31 ஆட்டங்களை வெல்ல, கம்மிங்ஸ் 16 ஆட்டங்களை வென்றார். மறுஆண்டு சின்சினாட்டி அணிக்கு மாறிய கம்மிங்ஸ் 5 வெற்றியும் 14 தோல்வியும் கண்டார். பெருங்கழகங்களில் (மேஜர் லீக்) அவருடைய ஆட்டவாழ்வு அத்துடன் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 29கூட நிரம்பவில்லை. பின்னர் மாசசூசெட்ஸின் ஆத்தல் நகரில் வண்ணப்பூச்சும் சுவர்த்தாளும் விற்கும் கடை நடத்தி வாழ்ந்தார். 1924 மே 16 அன்று ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் காலமானார்.

இந்த எண்களைக் கையாள்வதில் ஒரு சிக்கல் உண்டு. மொத்தக் கணக்கில் அவருக்கு 145 வெற்றிகளும் 94 தோல்விகளும் இருக்கின்றன. ஆனால் நேஷனல் அசோசியேஷனைப் பெருங்கழகமாக ஏற்க முடியாது என்று 1969இல் பேஸ்பால் பதிவுகளுக்கான சிறப்புக் குழு முடிவு செய்தது. அந்த அளவுகோலை வைத்தால் எஞ்சுவது 21 வெற்றிகளும் 22 தோல்விகளுமே. கம்மிங்ஸின் புகழ் முழுவதும் வளைபந்து என்னும் ஒரே உரிமைகோரலில் தொங்குவதற்கு இதுவும் காரணம். அந்த உரிமைகோரலை அகற்றிவிட்டால், புகழரங்கத்தில் அவருக்கு இடம் கொடுத்ததற்கு எண்கள் மட்டும் போதுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. ஆகவே விவாதத்தின் இருதரப்பும் இந்தக் கேள்வியில் தளராமல் நிற்கின்றன.

முதல் நிலைப்பாடு: கம்மிங்ஸே கண்டுபிடித்தவர்

இந்த நிலைப்பாட்டின் மூலம் கம்மிங்ஸ் தாமே சொன்ன வரலாறு. 1908இல் ‘பேஸ்பால் மேகசின்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை அதன் முழுமையான வடிவம். 1863 கோடையில் நண்பர்களோடு சேர்ந்து கிளிஞ்சல்களைக் கடலில் வீசி விளையாடியபோது அவை இடமும் வலமும் வளைந்து செல்வதைக் கண்டாராம். பேஸ்பாலையும் அப்படி வளைக்க முடியுமானால் மட்டையாளர்களைத் திணறடிக்கலாமே என்ற எண்ணம் அப்போது பிறந்ததாம். பிடியையும் மணிக்கட்டு அசைவையும் மாற்றி மாற்றி ஆண்டுக்கணக்கில் தனியே முயன்ற பின், 1867இல் ஹார்வர்டு அணிக்கு எதிராக எக்செல்சியர் ஆடியபோது பந்து தான் நினைத்தபடி வளைந்ததாகவும், அதைத் தன் கண்ணால் கண்டதாகவும் அவர் எழுதுகிறார்.

இக்கூற்றுக்கு ஆதரவாக நிற்பவை மூன்று. முதலாவது, சமகால ஆட்டக்காரர்களின் சாட்சியம். பிட்சராக விளங்கிப் பின்னர் விளையாட்டுப் பொருள் வணிகத்தில் பெரும்பெயர் பெற்ற ஆல்பர்ட் ஸ்பால்டிங், 1911இல் வெளியிட்ட தம் பேஸ்பால் வரலாற்று நூலில் கம்மிங்ஸுக்கே முதலிடம் தருகிறார். இரண்டாவது, காலவரிசை. கம்மிங்ஸ் குறிப்பிடும் 1867, போட்டியாளர்கள் பெரும்பாலோர் குறிப்பிடும் ஆண்டுகளுக்கு முந்தியது. மூன்றாவது, ஆட்டத்தில் கிடைத்த பலன். மெலிந்த உடல்கொண்ட ஒருவர் தொடர்ந்து பல பருவங்கள் முன்னணியில் நின்றதற்கு ஏதோ ஒரு தனித்திறன் இருந்திருக்க வேண்டும்.

பலவீனங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. கிளிஞ்சல் கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதற்கும் அவருடைய 1908 கட்டுரைக்கும் இடையே 45 ஆண்டுகள் இருக்கின்றன. தட்டையான கிளிஞ்சல் வளைவது அதன் வடிவத்தால். உருண்டைப் பந்து வளைவது அதன் சுழற்சியால். எனவே கிளிஞ்சல் அவருக்கு ஆசையைத் தந்திருக்கலாம், வழியைக் காட்டியிருக்க முடியாது. ஸ்பால்டிங்கின் சாட்சியமும் தாம் பார்த்தவர்களுள் முதல்வர் யார் என்பதைத்தான் சொல்ல வல்லது. தாம் பாராதவர்களைப் பற்றி அவராலும் உறுதி கூற இயலாது.

இரண்டாம் நிலைப்பாடு: பொதுமக்கள் முன் நிறுவிக்காட்டிய கோல்ட்ஸ்மித்

கம்மிங்ஸுக்கு நேர் எதிரியாக நிறுத்தப்படுபவர் ஃபிரெட் கோல்ட்ஸ்மித். கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவனில் பிறந்தவர். 1880 முதல் சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் அணியில் லாரி கார்கரனுடன் பந்துவீச்சைப் பகிர்ந்துகொண்டார். இரு பிட்சர்கள் மாறிமாறி வீசும் முறையைப் பரவலாக்கிய இணைகளுள் அது ஒன்று. அந்த அணி 1880, 1881, 1882 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றது. பெருங்கழகங்களில் 112 வெற்றி, 68 தோல்வி என்பது அவருடைய கணக்கு.

1870 ஆகஸ்ட் 16 அன்று புரூக்ளினின் கேபிடோலைன் மைதானத்தில், மூன்று கம்பங்களை ஒரே நேர்க்கோட்டில் நட்டு, முதல் கம்பத்துக்கு ஒருபுறமும் நடுக்கம்பத்துக்கு மறுபுறமும் செல்லுமாறு பந்தை வளைத்துக் காட்டியதாக அவர் தரப்பினர் கூறுகின்றனர். அக்காலத்தின் தலைசிறந்த பேஸ்பால் எழுத்தாளர் ஹென்றி சாட்விக் அதை நேரில் கண்டு பத்திரிகையில் எழுதினார் என்பதும் அவர்கள் கூற்று. உண்மையானால் இது மிக வலிமையான சான்று. கம்மிங்ஸிடம் இருப்பது பிற்கால நினைவு மட்டுமே. இங்கே நாள், இடம், சாட்சி மூன்றும் குறிக்கப்படுகின்றன.

சிக்கல் அந்தச் சாட்சியில்தான் தொடங்குகிறது. சாட்விக் எழுதியதாகச் சொல்லப்படும் செய்தியைப் பழைய இதழ்களில் தேடிய வரலாற்றாசிரியர்கள் அது கிடைக்கவில்லை என்றே எழுதுகின்றனர். கோல்ட்ஸ்மித்தின் பிறந்த ஆண்டாகப் பொதுவாகத் தரப்படுவது 1856. அப்படியானால் அன்று அவருக்கு வயது 14. வேறொரு தடையும் உண்டு. 1877இல் சின்சினாட்டியில் டாமி பாண்டும் இடக்கைப் பிட்சர் பாபி மிட்செலும் இதேபோல் தடுப்புகளை நட்டு ஒரு செய்முறை விளக்கம் நடத்தினர். பந்து உண்மையில் வளைகிறதா என்ற ஐயத்தைத் தீர்ப்பதே அதன் நோக்கம். ஏழாண்டுகளுக்கு முன்பே பெயர்பெற்ற பத்திரிகையாளர் முன்னிலையில் அது நிறுவப்பட்டிருந்தால், அந்த ஐயம் ஏன் இவ்வளவு காலம் உயிரோடு இருந்தது? இக்கேள்வி கோல்ட்ஸ்மித்தின் கூற்றை முற்றிலும் பொய்யாக்காது. அதன் மேல் வைக்கக்கூடிய நம்பிக்கையைக் குறைக்கிறது.

கோல்ட்ஸ்மித் தரப்பை முழுவதும் ஏற்றாலும் 1870 என்பது 1867க்குப் பிந்தியதே. ஆகவே இருவருக்கும் இடையிலான வழக்கு யார் முதலில் என்பதைவிட யாருடைய சான்று சமகாலத்தது என்பதைப் பற்றியது. அந்த அடிப்படையில் இருவர் தரப்பும் இன்று ஏறத்தாழ ஒரே அளவு குறைபாடுடன் நிற்கின்றன.

மூன்றாம் நிலைப்பாடு: ஒருவர் அல்ல, பலர்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வலுப்பெற்ற பார்வை, தனி ஒருவரைத் தேடுவதையே கைவிடுகிறது. இதன்படி வளைபந்து பல கைகளில் படிப்படியாக உருவான வித்தை.

இந்த வரிசையில் முன்னால் நிற்பவர் ஜிம் கிரெய்ட்டன். 1841இல் பிறந்த இவர் 1860 முதல் புரூக்ளின் எக்செல்சியர் கழகத்தின் பிட்சர். இரகசியமாக ஊதியம் பெற்ற முதல் ஆட்டக்காரர்களுள் ஒருவர் என்று கருதப்படுபவர். அதற்குமுன் பிட்சரின் வேலை மட்டையாளர் அடிக்க வசதியாகப் பந்தைத் தருவதே என்று எண்ணப்பட்டது. கிரெய்ட்டன் வேகத்தாலும் சுழற்சியாலும் அதை இருவருக்கும் இடையிலான போட்டியாக மாற்றினார். 1862 அக்டோபரில் 21 வயதிலேயே இறந்துவிட்டார். அவர் பந்து பக்கவாட்டில் வளைந்ததா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் சுழற்சியைக் கருவியாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் புரூக்ளினில் அப்போதே வேரூன்றியிருந்தது என்பதற்கு அவர் ஆட்டவாழ்வே ஆதாரம். அதே எக்செல்சியர் கழகத்துக்குச் சில ஆண்டுகளில் கம்மிங்ஸ் வந்து சேர்ந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

இந்த வரிசையில் வேறு பெயர்களும் உண்டு. ஃபோனி மார்ட்டின், மெதுவாகச் சுழன்று விழும் பந்துக்காக அறியப்பட்டவர். பாபி மேத்யூஸ், கம்மிங்ஸின் சமகாலத்தவர். 1873இல் கம்மிங்ஸ் மியூச்சுவல்ஸை விட்டுப் பால்டிமோருக்குப் போனபோது, பால்டிமோரிலிருந்து மியூச்சுவல்ஸுக்கு வந்தவர் அவரே. கல்லூரி வட்டாரத்தில் யேலின் சார்லஸ் ஹாமண்ட் ஏவரி, பிரின்ஸ்டனின் ஜோசப் மான் ஆகியோரின் பெயர்கள் அடிபடுகின்றன. மான் 1875 மே மாதம் யேல் அணிக்கு எதிராக ஓர் அடிகூட விட்டுக்கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசினார். மட்டையாளர்கள் ஏன் அப்படித் திணறினர் என்பதற்கு வளைபந்தையே விளக்கமாகச் சொன்னார்கள்.

இந்தப் பார்வையின் வலு அதன் இயல்புத்தன்மை. கைவினைத் திறன்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. ஒருவர் கவனியாமல் செய்ததை மற்றவர் கவனித்துச் செய்கிறார், மூன்றாமவர் அதைப் பிறருக்குக் கற்றுத்தருகிறார். பலவீனம், இது எல்லாரையும் சமமாக்கிவிடும் ஆபத்து. எப்போதோ ஒருமுறை பந்து வளைந்ததும், வேண்டியபோது வளைக்க முடிந்ததும் ஒன்றல்ல. பலர் சேர்ந்து செய்தார்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டால், அவர்களுள் யார் எந்தப் படியை ஏறினார் என்ற தேவையான கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

நான்காம் நிலைப்பாடு: பந்து வளையவே இல்லை

முதல் மூன்று நிலைப்பாடுகளும் பந்து வளைகிறது என்பதை ஒப்புக்கொள்கின்றன. அதையே மறுத்த மரபும் நீண்டது. 1941இல் ‘லைஃப்’ இதழ் அதிவேகப் புகைப்படங்களைக் காட்டி வளைபந்து கண்மயக்கமாக இருக்கலாம் என்று எழுதியது. 1949இல் ‘லுக்’ இதழ் தன் படங்களைக் கொண்டு அதை மறுத்தது.

இயற்பியலில் விடை அதற்கு வெகுமுன்பே தெரிந்திருந்தது. சுழலும் டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டன் 1672இல் வெளியான கடிதத்தில் குறிப்பிட்டார். 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ், துப்பாக்கிக் குண்டுகள் விலகுவதற்குச் சுழற்சியே காரணம் என்று வாதிட்டார். 1850களின் தொடக்கத்தில் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மேக்னஸ் ஆராய்ந்து விளக்கியதால் இந்த விளைவு அவர் பெயரைப் பெற்றது. சுழலும் பந்து தன்னைச் சுற்றிப் பாயும் காற்றை ஒரு பக்கமாகத் திருப்புகிறது. அதன் எதிர்விளைவாகப் பந்து மறுபக்கம் தள்ளப்படுகிறது. பேஸ்பாலின் மேலெழும்பிய தையல் இந்த விளைவுக்குத் துணைசெய்கிறது. 1877இல் சின்சினாட்டியில் தடுப்பு நட்டுச் சோதித்த அதே ஆண்டில், இங்கிலாந்தில் ரேலே பிரபு டென்னிஸ் பந்தின் ஒழுங்கற்ற பாதை பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மைதானத்தில் இருந்தவர்களும் ஆய்வகத்தில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கேள்வியோடு இருந்தனர்.

பேஸ்பாலுக்கென்றே நடந்த முக்கிய அளவீடு லைமன் பிரிக்ஸ் 1959இல் வெளியிட்டது. 60 அடித் தொலைவில், நிமிடத்துக்கு 1,800 சுழற்சியோடு செல்லும் பந்து 17.5 அங்குலம் வரை பக்கவாட்டில் விலகும் என்று அவர் காற்றுச் சுரங்கச் சோதனையில் கண்டார். இதோடு மறுப்பாளர்கள் முழுத்தோல்வி அடைந்தார்கள் என்று சொல்ல முடியாது. பந்தின் வளைவு சீரானது. ஆனால் மட்டையாளருக்கு அது கடைசியில் திடீரென ‘முறிவதாக’த் தோன்றுகிறது. பார்வையின் மையத்திலிருந்து ஓரத்துக்குப் பந்து மாறும்போது ஏற்படும் உணர்வு இது என்று ஆர்தர் ஷாப்பிரோவும் அவரோடு பணியாற்றியவர்களும் விளக்கினர். அவர்கள் உருவாக்கிய காட்சி விளக்கம் 2009இல் ஆண்டின் சிறந்த கண்மயக்கத்துக்கான பரிசைப் பெற்றது. வளைவு உண்மை, முறிவு தோற்றம் என்பதே இன்றைய நிலை.

இந்த அளவீடுகள் கம்மிங்ஸ் விவாதத்துக்கும் பயன்படும். அவர் காலத்தில் பிட்சருக்கும் மட்டையாளருக்கும் இடையிலான தூரம் 45 அடி. அது 1881இல் 50 அடியாகவும், 1893இல் இன்றுள்ள 60 அடி 6 அங்குலமாகவும் நீட்டப்பட்டது. பக்கவிலகல் பறக்கும் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், பிரிக்ஸ் சோதித்த அதே பந்து 45 அடியில் ஏறத்தாழ 10 அங்குலமே விலகும். அன்றைய விதிகளால் கை கட்டுப்பட்ட நிலையில் சுழற்சி இன்னும் குறைவாக இருந்திருந்தால் விலகல் மேலும் குறையும். அப்படியானால் கம்மிங்ஸின் பந்து அன்றைய மட்டையாளர்களுக்குப் புதிதாக இருந்ததே அதன் பாதி வலிமையாக இருந்திருக்கக் கூடும்.

விதிகளும் கேட்சரும்: பெரும்பாலும் மறக்கப்படும் இரண்டு காரணிகள்

யார் முதல்வர் என்ற விவாதம் பிட்சரின் கையை மட்டும் பார்க்கிறது. ஆட்டவிதிகளைப் பார்த்தால் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. 1860களின் விதிப்படி பந்தை இடுப்புக்குக் கீழிருந்து, கையைச் செங்குத்தாக ஆட்டித் தர வேண்டும். எறியக்கூடாது, சொடுக்கக்கூடாது, வீசும்போது இரு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும். வளைபந்துக்கு உயிர்நாடி மணிக்கட்டின் திருகல். அந்தத் திருகலுக்கு விதிகள் வெளிப்படையாக வழிவிட்டது 1872இல். கம்மிங்ஸ் தொழில்முறை அணியில் சேர்ந்ததும் அதே ஆண்டு.

இதிலிருந்து சங்கடமான ஒரு முடிவு கிடைக்கிறது. 1867இல் அவர் பந்து உண்மையில் வளைந்திருந்தால், அவர் விதியின் விளிம்பில், ஒருவேளை அதைத் தாண்டியும், வீசியிருக்க வாய்ப்பு அதிகம். நடுவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். அல்லது வேகமாக நடக்கும் அசைவைக் கண்ணால் பிரித்தறிய முடியாமல் போயிருக்கலாம். எப்படியாயினும், அவருக்கு முன்பு யாரும் வளைபந்தை வீசவில்லை என்றால் அதற்குத் திறமைக் குறைவைவிட விதியின் தடையே பெரிய காரணமாக இருந்திருக்கலாம்.

மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரின் பங்கும் இதே அளவு முக்கியம். அன்றைய கேட்சர்கள் கையுறையோ முகக்கவசமோ இல்லாமல், பெரும்பாலும் மட்டையாளருக்குப் பல அடிகள் பின்னால் நின்று ஆடினர். எந்தப் பக்கம் விலகும் என்று தெரியாத பந்தை அவ்வளவு தொலைவில் நின்று பிடிப்பது கடினம். பிடிக்க ஆளில்லாத பந்தை எந்தப் பிட்சரும் தொடர்ந்து வீச முடியாது. ஸ்டார் கழகத்திலும் மியூச்சுவல்ஸிலும் கம்மிங்ஸுக்குக் கேட்சராக இருந்த நேட் ஹிக்ஸ், வெறுங்கையோடு மட்டையாளரை ஒட்டி நிற்கும் துணிச்சலுக்குப் பெயர்பெற்றவர். ஹிக்ஸ் போன்றவர்கள் காயங்களைப் பொறுத்துக்கொண்டு முன்னே வந்து நின்றதால்தான் வளைபந்து ஒரு தனிமனிதரின் விந்தையாக நின்றுவிடாமல் ஆட்டத்தின் ஆயுதமாயிற்று. புகழரங்கத்தில் ஹிக்ஸுக்கு இடமில்லை. இந்த விவாதத்தின் நியாயமின்மைகளுள் பெரியது இது.

கம்மிங்ஸின் ஆட்டவாழ்வு ஏன் 1877லேயே முடிந்தது என்பதையும் இந்தச் சூழலில் வைத்தே பார்க்க வேண்டும். சிறிய உடல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இன்னிங்ஸைத் தாங்கவில்லை என்பது ஒரு விளக்கம். மட்டையாளர்கள் அவர் பந்துக்குப் பழகிவிட்டனர் என்பது இன்னொன்று. பாண்டைப் போன்ற இளையவர்கள் வளைவோடு வேகத்தையும் சேர்த்துக்கொண்டதால் அவர் தேவையற்றவரானார் என்பது மூன்றாவது. கையை உயர்த்தி வீச அனுமதித்த விதிமாற்றமே அவரை வீழ்த்தியது என்று சொல்வதற்கு இடமில்லை. தோளுயர வீச்சு ஏற்கப்பட்டது 1883இல், தலைக்குமேல் வீச்சு 1884இல். கடைசிப் பருவத்தின் தோல்விக் கணக்கை எடைபோடும்போது, அந்தச் சின்சினாட்டி அணி மொத்தத்தில் 15 ஆட்டங்களை வென்று 42ஐத் தோற்றது என்பதையும் நினைவில் கொள்வது நியாயம்.

1939: ஒரே பெயரை நாடிய ஆண்டு

கம்மிங்ஸ் 1939இல் பழைய ஆட்டக்காரர்களுக்கான குழுவால் புகழரங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோல்ட்ஸ்மித் அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் மாத இறுதியில் காலமாகியிருந்தார். கூப்பர்ஸ்டவுனில் புகழரங்கத்தின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் அதே 1939இல்தான். 1839இல் அந்த ஊரில் ஏப்னர் டபுள்டே பேஸ்பாலை உருவாக்கினார் என்று 1907இல் மில்ஸ் ஆணையம் சொன்ன முடிவை ஒட்டி, நூற்றாண்டு விழாவாக அது கொண்டாடப்பட்டது. அந்த முடிவை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆட்டத்துக்கே ஒரு தந்தையைத் தேடிய காலம், வளைபந்துக்கும் ஒரு தந்தையைத் தேடியதில் வியப்பில்லை.

அந்தத் தேடலின் அவசரம் புகழரங்கத்தில் உள்ள கம்மிங்ஸின் நினைவுப்பலகையிலேயே தெரிகிறது. 1867இல் புரூக்ளின் ஸ்டார் கழக வீரராக இருந்தபோது கம்மிங்ஸ் வளைபந்தைக் கண்டுபிடித்ததாக அது கூறுகிறது. அவர் சொல்லும் 1867 ஆட்டமோ எக்செல்சியர் கழகத்துக்காக ஆடியது. 1876இல் ஹார்ட்ஃபோர்டில் அவர் ஆட்டவாழ்வு முடிந்ததாகவும் பலகை சொல்கிறது. 1877இல் அவர் சின்சினாட்டிக்கு ஆடியதைப் பதிவேடுகள் காட்டுகின்றன. இவை சிறு பிழைகள்தாம். ஆயினும் சரிபார்க்க எளிதான செய்திகளிலேயே பிழை நேர்ந்திருக்கும்போது, சரிபார்க்கக் கடினமான மையக் கூற்றை அந்தப் பலகையை மட்டும் சான்றாகக் கொண்டு ஏற்பது முறையாகாது.

மதிப்பீடு: தீர்ந்தவையும் திறந்திருப்பவையும்

முதல்வர் யார் என்ற கேள்வியை நான்காகப் பிரிக்கலாம். பேஸ்பால் முதன்முதலில் யார் கையில் வளைந்தது? அதை அறிந்தும் வேண்டியும் முதலில் வளைத்தவர் யார்? போட்டியில் பயன்தரும் ஆயுதமாக முதலில் ஆக்கியவர் யார்? பிறர் கற்றுக்கொள்ளுமாறு பரப்பியவர் யார்?

முதல் கேள்விக்கு விடை கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவு. சுழற்சி இருந்தால் பந்து வளையும், அதைச் செய்தவர் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவதில் கம்மிங்ஸின் உரிமை பிறர் எவருடையதைவிடவும் முந்தியது. ஆனால் அது அவர் சொல்லையே பெரிதும் சார்ந்தது. 1867 காலத்துச் செய்தித்தாள் ஒன்று அவர் பந்தின் வளைவைத் தெளிவாகக் குறிப்பிட்டால் இந்த நிலை மாறும். பழைய இதழ்கள் மின்வடிவம் பெற்றுவரும் இக்காலத்தில் அது நடக்கக் கூடாதது அல்ல. கோல்ட்ஸ்மித்தின் 1870 செய்முறைக்கும் இதே நம்பிக்கை பொருந்தும்.

மூன்றாவதிலும் நான்காவதிலும் கம்மிங்ஸின் இடம் ஓரளவு உறுதியானது. 1872 முதல் 1875 வரை அவர் பெற்ற 124 வெற்றிகள் நினைவிலிருந்து வந்தவை அல்ல, பதிவேட்டில் உள்ளவை. அவரோடும் அவருக்குப் பின்னும் ஆடிய மேத்யூஸ், பாண்ட் முதலியோர் வளைபந்து வீச்சாளர்களாக வளர்ந்தனர். ஆகவே அவரைக் கண்டுபிடித்தவர் என்பதைவிட, தொழில்முறை ஆட்டத்தில் வளைபந்தை நிலைநாட்டிய முன்னோடிகளுள் முதன்மையானவர் என்று சொல்வது சான்றுகளுக்குப் பொருத்தமானது. அது ஒன்றும் குறைந்த பெருமை அன்று.

விதி அவரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தியது, நடுவர்கள் எவ்வளவு கண்டுகொள்ளாமல் விட்டனர், 45 அடித் தொலைவில் அவர் பந்து உண்மையில் எத்தனை அங்குலம் விலகியது ஆகியவை இன்னும் திறந்திருக்கும் கேள்விகள். அன்றைய பந்தையும் அன்றைய கைவீச்சையும் மறுபடி அமைத்துச் சோதித்தால் கடைசிக் கேள்விக்காவது ஒரு வரம்பு கிடைக்கும். கிரெய்ட்டன், ஹிக்ஸ் போன்றவர்களுக்கு உரிய பங்கை வழங்கும் ஆய்வுகள் கம்மிங்ஸின் புகழைக் குறைக்கப் போவதில்லை. அவர் யாரிடமிருந்து எதைப் பெற்றார், அதற்குத் தாம் எதைச் சேர்த்தார் என்பதை அவைதாம் நமக்குக் காட்ட முடியும்.